இன்வர்ட்டர் தரும் மின்சாரமும் அதன் அலையின் தன்மையும்

மின்சாரம் நின்றுபோகும் வேளைகளில் விளக்கும் விசிறியும் நில்லாமல் இயங்கும்பொருட்டு, இன்வர்ட்டர் என்னும் கருவியைக் கிராமங்களிலுள்ள நிலச்சுவான்தார்களும் குடியானவர்களும் ஏராளமாக வாங்கி வைத்திருக்கிறார்கள். அன்றியும், மத்திய சர்க்கார் 2019ஆம் வருஷத்தில் குசும் திட்டத்தை ஆரம்பித்தது முதல், சூரிய ஒளிப் பலகைகளைக் கொண்டு கிணற்று மோட்டாரை ஓட்டுவோர் தொகையும் பெருகியிருக்கிறது. அப்பலகைகளுக்கும் மோட்டாருக்கும் இடையே வைக்கப்படும் பெட்டியும் இன்வர்ட்டரின் ஓர் இனமேயாகும்.

இக்கருவியை வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் வழக்கமாகக் கேட்பவை இரண்டு கேள்விகள். எத்தனை விளக்கும் விசிறியும் தாங்கும் என்பது ஒன்று. பாட்டரி எத்தனை வருஷம் உழைக்கும் என்பது மற்றொன்று. அது வெளிவிடும் மின்சாரத்தின் அலை எவ்வடிவமுடையது என்னும் மூன்றாவது கேள்வியைக் கேட்பவர் மிகச் சிலரே. விலை சற்றுக் குறைவு என்பதற்காகக் கெட்ட அலையைத் தரும் கருவியை வாங்கியவர், அக்குறைவைப் பின்னர் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறையில் கூலியாகச் செலுத்த நேரிடுகிறது. பயிர் வாடும் பருவத்தில் மோட்டார் பட்டறையில் கிடப்பதால் ஏற்படும் நஷ்டம் அக்கூலியினும் பெரிது.

அலை என்பது யாது?

பைகாராவில் 1932ஆம் வருஷத்திலும், மேட்டூரில் 1937ஆம் வருஷத்திலும், பாபநாசத்தில் 1944ஆம் வருஷத்திலும் மின்சார நிலையங்கள் வேலை செய்யத் தொடங்கின. இவை யாவும் விழும் நீரின் வேகத்தால் சக்கரத்தைச் சுழற்றி மின்சாரம் உண்டாக்குபவை. நிலக்கரியை எரிக்கும் நிலையங்களிலும் சுழலும் யந்திரமே மின்சாரத்தைப் பிறப்பிக்கிறது. சுழற்சியினின்று பிறப்பதால் அம்மின்சாரத்தின் அழுத்தம் ஒரே நிலையில் நிற்பதில்லை. சூனியத்திலிருந்து மெல்ல உயர்ந்து, உச்சியை அடைந்து, திரும்ப இறங்கிச் சூனியத்தைக் கடந்து, எதிர்த்திசையிலும் அவ்வளவே சென்று மீள்கிறது. இவ்வாறு விநாடிக்கு 50 முறை நிகழ்கிறது.

ஏற்றம் இறைத்த காலத்தை அறிந்தவர்கள் இதை எளிதில் மனத்தில் வாங்கிக்கொள்ளலாம். ஏற்றமரத்தின் நுனி கீழேயும் மேலேயும் திரும்புமிடங்களில் மெல்லவும், நடுவில் விரைவாகவும் செல்லும். எவ்விடத்திலும் வெட்டி இழுப்பு இராது. சுழலும் யந்திரம் தரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கமும் அத்தன்மையதே. இதற்குச் சைன் அலை என்று பெயர். வீடுகளுக்கு வரும் மின்சாரத்தை 230 வோல்ட் என்று சொல்வது, அதன் சூடேற்றும் திறனைக் கணித்துச் சொல்லும் அளவாகும். அலையின் உச்சி உண்மையில் ஏறக்குறைய 325 வோல்ட் வரை செல்லுகிறது. இவ்விரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நலம். பின்னால் இவை வேண்டியிருக்கும்.

பாட்டரியும் சூரிய ஒளிப் பலகையும் தரும் மின்சாரமோ ஒரே திசையில் ஓடும் நேர்மின்சாரம். அதற்கு ஏற்றமுமில்லை, இறக்கமுமில்லை. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் கருவிகள் முன்னரே இருந்தன. அவ்வேலையைத் தலைகீழாகச் செய்வது என்னும் பொருளில், அமெரிக்க இஞ்சினீயராகிய டேவிட் பிரின்ஸ் என்பவர் 1925ஆம் வருஷத்தில் எழுதிய கட்டுரை ஒன்றில் இன்வர்ட்டர் என்னும் பெயரை வழங்கினார். அக்காலத்தில் கண்ணாடிக் குழல்களைக் கொண்டு செய்த வேலையை இக்காலத்தில் நகத்தளவான டிரான்ஸிஸ்டர்கள் செய்கின்றன. அவை ஸ்விட்சுகளைப்போல் திறந்தும் மூடியும் நேர்மின்சாரத்தை இருதிசையிலும் மாற்றி மாற்றி விடுகின்றன. ஸ்விட்சு என்பதற்குத் திறத்தலும் மூடுதலுமேயன்றி மெல்ல ஏறி இறங்குதல் தெரியாது. ஆகவே, இன்வர்ட்டரில் இயல்பாகக் கிடைக்கும் அலை, சுழலும் யந்திரத்தின் அலையைப் போன்றதன்று. அவ்வடிவத்தைக் கொண்டுவர எவ்வளவு சிரமம் எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதிலேதான் ஒரு கருவிக்கும் மற்றொன்றுக்கும் உள்ள வித்தியாசம் அடங்கியிருக்கிறது.

மூவகை அலைகள்

மிகவும் மலிவான கருவி, ஒரு திசையில் விநாடியின் நூற்றிலொரு பங்கும் எதிர்த்திசையில் அவ்வளவு காலமும் மின்சாரத்தை விட்டு நிறுத்துகிறது. அலையை வரைந்து பார்த்தால் கோட்டைச் சுவரின் பற்களைப்போல் தோன்றும். இது சதுர அலை. இரண்டாம் வகையில், திசை மாறுமுன் சற்று நேரம் மின்சாரம் சூனியத்தில் நிறுத்தப்படுகிறது; ஆகவே, அலை படிக்கட்டுப்போல் ஆகிறது. இதனைத் திருத்திய சதுர அலை என்பர். சில வியாபாரிகள் இதனைத் திருத்திய சைன் அலை என்று சொல்லி விற்கிறார்கள். திருத்தப்பட்டது சதுரமேயன்றிச் சைன் அலை அன்று என்பதை வாங்குவோர் அறிதல் வேண்டும். மூன்றாம் வகையில், ஸ்விட்சுகள் விநாடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகின்றன. அலை உயரவேண்டிய இடத்தில் அதிக நேரமும், தாழவேண்டிய இடத்தில் குறைந்த நேரமும் திறந்திருக்கும்படி அவை இயக்கப்படுகின்றன. அத்துடிப்புகளை ஒரு காயிலும் கண்டென்சரும் சேர்ந்து வடிகட்டுவதால் வெளியே வருவது ஏறக்குறைய மின்சார நிலையத்தின் அலையேயாகும். இதுவே சைன் அலை இன்வர்ட்டர்.

சதுர அலையில் கெடுதல் யாது எனின், அதற்கு விடை பிரான்ஸ் தேசத்துக் கணித அறிஞர் பூரியே 1822ஆம் வருஷத்தில் உஷ்ணத்தைப் பற்றி வெளியிட்ட நூலில் கிடைக்கிறது. திரும்பத் திரும்ப வரும் எந்த அலையையும் பல சைன் அலைகளின் கூட்டமாகப் பிரித்துக் காட்டலாம் என்பது அவர் கண்ட முறை. அதன்படி 50 சுற்றுள்ள சதுர அலையைப் பிரித்தால், அதற்குள் 50 சுற்றுள்ள முதல் அலையோடு, அதன் மூன்றிலொரு பங்கு உயரமுள்ள 150 சுற்று அலையும், ஐந்திலொரு பங்குள்ள 250 சுற்று அலையும், ஏழிலொரு பங்குள்ள 350 சுற்று அலையும், இவ்வாறே மேன்மேலும் பலவும் ஒளிந்திருக்கக் காணலாம். இக்கிளை அலைகள் யாவும் சேர்ந்து முதல் அலையில் ஏறக்குறைய நூற்றுக்கு 48 பங்காகின்றன. திருத்திய சதுர அலையில், சூனியத்தில் நிற்கும் காலம் மொத்தத்தில் மூன்றிலொரு பங்காக அமைந்தால் 150 சுற்று அலை மறைந்துபோய், கிளை அலைகள் நூற்றுக்கு 31 அளவுக்குக் குறைகின்றன. நல்ல சைன் அலைக் கருவிகளில் இது 3 முதல் 5க்கு மேற்படாதென்று விவரத்தாளில் குறிப்பிடப்படுவது வழக்கம்.

மோட்டாருக்கு விளையும் தீங்கு

இக்கிளை அலைகளால் விளக்குக்குத் தீங்கில்லை என்று சொல்லிவிடலாம். மோட்டாருக்கு அவ்வாறு சொல்ல இயலாது. மோட்டாரைச் சுழற்றி நீர் இறைக்கச் செய்வது 50 சுற்றுள்ள முதல் அலை மாத்திரமே. சதுர அலை 230 வோல்ட் என்று கணிக்கப்பட்டாலும், அதற்குள் உள்ள முதல் அலை 207 வோல்ட்டே. மோட்டாரின் முறுக்குச் சக்தி அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், 207 வோல்ட்டில் அச்சக்தி நூற்றுக்கு 81 பங்குக்கு இறங்கிவிடுகிறது. பம்பின் சுமையோ ஏறக்குறைய முன்போலவே இருக்கிறது. ஆகவே, மோட்டார் சற்று வேகம் குறைந்து, அதிக ஓட்டத்தை இழுத்துச் சூடேறுகிறது.

மீதமுள்ள கிளை அலைகள் வேலை ஒன்றும் செய்யாமல், கம்பிச் சுற்றுகளிலும் இரும்புத் தகடுகளிலும் ரோட்டரின் சட்டங்களிலும் வீண்சூடாக முடிகின்றன. மும்முனை மோட்டாரில் இது இன்னும் விபரீதமாகிறது. 250 சுற்றுள்ள ஐந்தாம் அலை மோட்டாரைப் பின்னோக்கிச் சுழற்ற முயல்கிறது. மாட்டு வண்டியின் முன்புறம் இரண்டு காளைகளைப் பூட்டிவிட்டு, பின்புறத்தில் ஒரு கன்றைக் கட்டி இழுக்கவிட்டதுபோலாகும் இது. கன்று ஜெயிப்பதில்லை, ஆனால், காளைகளின் உழைப்பில் ஒரு பகுதி வீணாகிறது. சூட்டினால் கம்பியின்மேலுள்ள எனாமல் பூச்சு நாளடைவில் இற்றுப்போகிறது. மோட்டார் தன் அளவுக்கு மேல் 10 டிகிரி அதிகமாகச் சூடேறினால் அப்பூச்சின் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் நெடுநாளாக வழங்கும் கணக்கு. மோட்டார் அன்றைக்கே எரிந்துபோவதில்லை. ஆதலாலேயே குற்றம் இன்வர்ட்டர்மேல் விழாமல், காயில் கட்டியவர்மேலோ கம்பியின்மேலோ விழுகிறது.

ஒருமுனை மோட்டாரில் கண்டென்சர் இருப்பதையும் கவனிக்க வேண்டும். கண்டென்சரில் ஓடும் மின்சாரம், அழுத்தம் எவ்வளவு விரைவில் மாறுகிறது என்பதைப் பொறுத்தது. சதுர அலையின் செங்குத்தான சுவரில் அழுத்தம் நொடிப்பொழுதில் மாறுவதால், ஒவ்வொரு சுவரிலும் கண்டென்சருக்குள் ஓட்டம் ஈட்டிபோல் பாய்கிறது. கண்டென்சர் சூடேறி, உப்பி, திறன் இழக்கிறது. கூரை விசிறி இன்வர்ட்டரில் ஓடும்போது ரீங்காரமிடுவதும், கண்டென்சர் வைத்த ரெகுலேட்டர் சூடாவதும் இதன் சிறு அறிகுறிகளே. விலை மலிந்த எல்.இ.டி. பல்புகளிலும் டார்ச்சு விளக்குகளிலும் டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக ஒரு கண்டென்சரை மாத்திரம் வைத்திருப்பதுண்டு. அவை சதுர அலையில் வெகு சீக்கிரம் கெட்டுவிடுகின்றன. பழைய குண்டு பல்புக்கும் துணி தேய்க்கும் பெட்டிக்கும் வேண்டுவது சூடேயாகையால் எந்த அலையும் போதும். கிராம உத்தியோகஸ்தர் அலுவலகத்துக் கம்ப்யூட்டரும் செல்போன் சார்ஜரும் மாறுமின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கிக்கொள்வதால் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன.

கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டி வைத்திருப்போர் தனியே எச்சரிக்கப்பட வேண்டியவர்கள். முட்டை 21 நாட்கள் ஏறக்குறைய 37.5 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் இருத்தல் வேண்டும். சூடேற்றும் கம்பி எந்த அலையிலும் வேலை செய்யும். உஷ்ணத்தைப் பெட்டி முழுவதும் பரப்பும் சிறு விசிறியோ சதுர அலையில் தளர்ந்துபோகும். வெளிப்பார்வைக்கு யாவும் இயங்குவதாகவே தோன்றும். உள்ளே ஒரு மூலை காய்ந்தும் மற்றொரு மூலை குளிர்ந்தும் இருந்ததைப் பதினெட்டாம் நாளுக்குப் பின்னரே அறிய நேரும்.

அளவு பார்ப்பதில் உள்ள மோசம்

கைமீட்டரை வைத்துப் பார்த்து 230 காட்டினால் மின்சாரம் சரியாயிருக்கிறதென்று கொள்வது வழக்கம். சைன் அலைக்கு அது பொருந்தும். ஏனெனில், மலிவான மீட்டர்கள் அழுத்தத்தின் சராசரியை அளந்து, அதனை 1.11ஆல் பெருக்கிக் காட்டும்படி செய்யப்பட்டவை. இப்பெருக்கல் சைன் அலைக்கே உரியது. உண்மையில் 230 வோல்ட் உள்ள சதுர அலையை அம்மீட்டர் 255 என்று காட்டும். உச்சி 325 வோல்ட்டும், பாதி நேரம் சூனியமுமாக அமைந்த திருத்திய சதுர அலையும் உண்மையில் 230 வோல்ட்டே. அதனை அதே மீட்டர் 180 என்று காட்டும்.

இரண்டாவது பிழையே மிக அபாயமானது. பழுது பார்க்க வந்தவர் 180 என்பதைக் கண்டு, அழுத்தம் குறைவென்று எண்ணி, மீட்டர் 230 காட்டும்வரை உள்ளே உள்ள திருகைத் திருப்பிவிடுகிறார். அலையின் அகலம் மாறாமல் உயரம் மாத்திரம் உயர்ந்தால், அப்பொழுது உண்மை அழுத்தம் 290 வோல்ட்டைத் தாண்டுகிறது. உச்சி 400 வோல்ட்டுக்கும் மேற்செல்கிறது. அன்றிரவே வீட்டிலுள்ள சாமான்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டுப்போனாலும், மீட்டர் 230 காட்டியதைத் தாம் கண்ணாரக் கண்டதாக அவர் சாதிப்பார். அவர் சொல்வதிலும் பொய்யில்லை. அலையின் வடிவம் எதுவாயினும் உண்மையான அளவைக் காட்டக்கூடிய மீட்டர்கள் உண்டு. அவற்றின்மேல் ட்ரூ ஆர்.எம்.எஸ். என்று பொறித்திருக்கும். அத்தகைய மீட்டர் இல்லாதவரிடம் இன்வர்ட்டரின் திருகைத் தொடவிடுதல் ஆகாது.

மீட்டர் இல்லாமலே ஓரளவு அறியும் வழியும் உண்டு. கூரை விசிறி ஒன்றை முதலில் கம்பத்து மின்சாரத்திலும், பிறகு இன்வர்ட்டரிலும் ஒரே வேகத்தில் வைத்து ஓட்டிக் கேட்க வேண்டும். இன்வர்ட்டரில் மாத்திரம் இரைச்சல் எழுமாயின் அலை சுத்தமாயில்லை. கடையிலேயே இச்சோதனையைச் செய்து காட்டும்படி கேட்கலாம்.

நல்ல கருவியும் கெடுமிடம்

சைன் அலைக் கருவியை வாங்கிவிட்டதாலேயே கவலை முடிந்ததென்று எண்ணுவதற்கில்லை. கருவியின் சக்திக்கு மேற்பட்ட சுமையை ஏற்றினால் அலையின் தலை வெட்டுண்டு தட்டையாகிறது. சைன் அலை சதுர அலையை நோக்கிச் சாய்கிறது. மோட்டார் கிளம்பும்போது ஓடுவதைப்போல் ஐந்து ஆறு மடங்கு ஓட்டத்தை இழுக்கும். ஒரு குதிரைச் சக்தி ஒருமுனைப் பம்பு, ஓடும்போது 6 அல்லது 7 ஆம்பியர் எடுப்பதானால், கிளம்பும் கணத்தில் 30 ஆம்பியருக்கு மேல் கேட்கும். வீட்டு உபயோகத்துக்கான 900 வி.ஏ. கருவி நான்கு ஆம்பியருக்கு மேல் தர இயலாதது. இதில் பம்பைப் பூட்டுவோர் உண்டு. அவ்வாறு செய்தால் மோட்டார் கிளம்பாமல் முனகி நிற்கும். இன்வர்ட்டர் தானே நின்றுகொள்ளாவிடில் இரண்டில் ஒன்று எரியும். அப்படியே பெரிய இன்வர்ட்டரை வாங்கி ஓட்டினாலும், 12 வோல்ட் பாட்டரி ஒன்றிலிருந்து ஏறக்குறைய 100 ஆம்பியர் இழுக்கப்படுமாதலால் 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒரு மணி நேரமும் நிற்பது அரிது. பாட்டரியைக் கொண்டு பயிருக்கு நீர் இறைப்பது லாபகரமன்று.

சூரிய ஒளிப் பம்புகள்

பாட்டரியின்றிப் பலகைகளிலிருந்து நேரே ஓடும் பம்புகளுக்கு இக்குறை இல்லை. அவற்றின் பெட்டி, மோட்டாரை மெல்லத் தொடங்கி, வெயிலுக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுகிறது. ஆனால், இங்கே அலையின் தன்மை வேறொரு வகையில் தொல்லை தருகிறது. வீட்டு இன்வர்ட்டரில் உள்ள வடிகட்டி இப்பெட்டிகளில் பெரும்பாலும் இராது. துடிப்புகள் வடிகட்டப்படாமலே மோட்டாருக்குச் செல்கின்றன. மோட்டாரின் காயிலே அவற்றை ஓரளவு சமப்படுத்திக்கொள்கிறது. மோட்டார் பெட்டியின் அருகிலேயே இருந்தால் இது போதும். ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் 400 அடிக்கும் 600 அடிக்கும் கீழே அல்லவா இருக்கிறது?

நீளமான குழாயில் நீர் விரைந்து ஓடும்போது வால்வைத் திடீரென்று மூடினால், குழாய் அதிர்ந்து முட்டுவதைக் குடியானவர்கள் அறிவார்கள். நீண்ட கம்பியின் முடிவில் மின்துடிப்பும் அவ்வாறே மோதித் திரும்புகிறது. 415 வோல்ட் மும்முனை மோட்டாருக்குப் பெட்டி அனுப்பும் ஒவ்வொரு துடிப்பும் ஏறக்குறைய 590 வோல்ட் உயரமுள்ளது. கம்பியின் கோடியில் மோதும்போது அது இருமடங்கு வரை எழும்பி, 1,200 வோல்ட்டை நெருங்கக்கூடும். இத்தகைய அடி விநாடிக்குப் பல ஆயிரம் முறை விழுகிறது. காயிலின் முதற்சில சுற்றுகளே இதன் பெரும்பகுதியைத் தாங்குவதால், பூச்சு அவ்விடத்தில்தான் முதலில் விரிகிறது. எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது, மற்றச் சுற்றுகள் புதிதுபோலிருக்க, முனைக்கு அருகிலுள்ள சுற்று மாத்திரம் ஒரு புள்ளியில் கருகியிருந்தால் இக்காரணத்தைச் சந்தேகிக்கலாம்.

இதற்குப் பரிகாரம், பெட்டியிலிருந்து புறப்படும் கம்பியில், பெட்டிக்கு அருகிலேயே ஒரு வடிகட்டியைப் பொருத்துவதாகும். துடிப்பின் செங்குத்தைச் சற்றே சாய்ப்பவை, அலையை முற்றிலும் சைன் அலையாக்கித் தருபவை என இவை இருவகைப்படும். பின்னது விலை அதிகமாயினும், மிக ஆழமான கிணறுகளுக்கு அதுவே தகும். கம்பியின் நீளம் 100 அடியைக் கடந்த கிணறுகளில் வடிகட்டி வேண்டுமா என்பதை, பம்பு பொருத்த வரும் நிறுவனத்தாரிடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறுதல் நலம். பஞ்சாயத்துக் குடிநீர்க் கிணறுகளுக்கு வேலை ஒப்படைக்கும் உத்தியோகஸ்தர்கள், ஒப்பந்த விவரத்திலேயே இதனைச் சேர்த்துவிட்டால் பின்னர் வழக்கு எழாது. புதிய மோட்டார் வாங்குவோர், இத்தகைய துடிப்பைத் தாங்கும்படி காப்பிட்ட சுற்றுடையதா என்றும் விசாரிக்க வேண்டும்.

பழைய கிணறுகளில் மற்றொரு காரியத்தை மறந்துவிடுகிறார்கள். இருமுனை மின்சாரம் வரும் வேளையிலும் மும்முனை மோட்டாரை ஓட்டும்பொருட்டு, ஸ்டார்ட்டர் பெட்டியில் கண்டென்சர்களைச் சேர்த்து வைத்திருப்போர் பலர். சூரிய ஒளிப் பெட்டிக்கும் மோட்டாருக்கும் நடுவே அக்கண்டென்சர்கள் இருக்குமாயின், ஒவ்வொரு துடிப்பிலும் அவற்றுக்குள் பெரும் ஓட்டம் பாய்ந்து, பெட்டியின் டிரான்ஸிஸ்டர்களை உடைத்துவிடும். சில வேளைகளில் இது முதல் நாளிலேயே நேரிடும். ஆகவே, அவற்றை அறவே கழற்றிவிட வேண்டும். சூரிய ஒளியையும் கம்பத்து மின்சாரத்தையும் மாற்றி மாற்றி உபயோகிக்க விரும்புவோர், கண்டென்சரும் பழைய ஸ்டார்ட்டரும் கம்பத்து மின்சாரத்தின் பக்கத்திலேயே நிற்கும்படியும், மோட்டாரின் கம்பி மாத்திரம் ஒரு மாற்றுச் சுவிட்சின் வழியாக இருபுறமும் செல்லும்படியும் இணைக்கச் செய்வது முறை. அச்சுவிட்சின் பிடியை, பெட்டியை நிறுத்தி மோட்டார் முற்றிலும் நின்ற பிறகே திருப்ப வேண்டும். ஓடும்போது திருப்பினால் பெட்டிக்கு ஹானி நேரும்.